குப்பி விளக்கிலிருந்து கெம்பஸ் வரை: உப்புக்குளத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழகமும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு 'குப்பி' என்ற சொல் நன்கு தெரிந்திருக்கும். பரீட்சை நெருங்கும் நாட்களில், பாடம் விளங்கிய மாணவர் ஒருவர் விளங்காத மற்றவர்களை விடுதியின் பொது அறையிலோ மரத்தடியிலோ கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் குப்பி. "இண்டைக்கு இரவு பொருளியல் குப்பி இருக்கு, வாறியா?" என்று கேட்பார்கள். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் எல்லோரும் இந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி போட்டு எரிக்கும் குப்பி விளக்கிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

என் வயதையொத்த மன்னார் முஸ்லிம்களுக்குக் குப்பி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கெம்பஸ் அல்ல. புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலின் நடுவில், ஒரு குப்பி விளக்கைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் புத்தகத்தோடு குந்தியிருந்த இரவுகள்தாம் நினைவுக்கு வரும். "காத்தடிக்குது, விளக்கப் பார்த்துக்கொள்ளுங்க" என்று உம்மாமார் சத்தம் போடுவார்கள். ஒரு கொட்டிலில் பற்றினால் வரிசை முழுவதும் சாம்பலாகிவிடும் என்ற பயம் அது.

இன்று உப்புக்குளத்தில் ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "கெம்பஸ் போற பிள்ளைகள் மாறிட்டாங்க காக்கா. ஊரையும் யோசிக்கிறதில்ல, உறவையும் யோசிக்கிறதில்ல. சேர்டிபிகட்டும் கவர்மென்ட் வேலையும்தான் கண்ணுக்குத் தெரியுது." இந்தக் குறை முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. நம் மாணவர்கள் எதை மதிக்கிறார்கள், எதற்காகப் படிக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவர்களுடைய கைபேசியையும் உடுப்பையும் பார்த்து மட்டும் அளந்துவிட முடியாது. அந்த மனப்பாங்கு உருவான வரலாறு ஒன்று இருக்கிறது. அதை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலும் கடையும்

உப்புக்குளம் மன்னார் நகரத்தோடு ஒட்டிய ஊர். நிருவாகக் கணக்கில் வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவு. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. ஊராரின் வாழ்வு கடலிலும் கடையிலும் இருந்தது. ஒரு பகுதியினர் மீன்பிடியிலும் மீன் வியாபாரத்திலும், இன்னொரு பகுதியினர் நகரத்துக் கடைகளிலும் இருந்தனர். 1981ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்ட மக்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் முஸ்லிம்கள். தீவில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், மூர் வீதி. பெருநிலத்தில் விடத்தல்தீவும் முசலிப் பகுதிக் கிராமங்களும் அவர்களின் வாழிடங்கள்.

அந்த நாளில் ஒரு பையனின் வாழ்க்கைப் பாதை பெரும்பாலும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. ஓதப்பள்ளி, பள்ளிக்கூடம், ஓ/எல். அதன்பின் தோணி அல்லது கடை. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கும் சேர்ந்துகொண்டது. "படிச்சது போதும், கடைக்கு வா மகன்" என்று சொல்லாத வாப்பாமார் குறைவு. அதற்காக அவர்கள் கல்வியின் எதிரிகள் என்று சொல்லிவிடக் கூடாது. வியாபாரத்தில் பழகிய கண்ணுக்குப் பல்கலைக்கழகம் என்பது ஐந்தாறு வருடம் முதல் போட்டு, இலாபம் எப்போது வரும் என்று தெரியாத சரக்காகத் தோன்றியது. பெண் பிள்ளையின் பாதை இன்னும் குறுகியது. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எழுத்து வாசிப்புத் தெரிந்தால் போதும். மிகுதியை வீடு பார்த்துக்கொள்ளும்.

வட மாகாண முஸ்லிம்களுக்கு உயர்கல்வியில் முன்மாதிரி இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம். பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானவர். அவர் 1945இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, பணமில்லாத காரணத்தால் திறமையான முஸ்லிம் பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்தது. அதே 1945இல்தான் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிதியும் சட்டமும் கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குக் கலைப்பிரிவு ஒன்றே திறந்திருந்த கதவு.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதும், அதே காலத்தில் மாவட்ட அடிப்படையிலான அனுமதி முறை வந்ததும் நிலைமையைச் சற்று மாற்றின. தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவருக்குப் பெரும் மனக்காயமாக இருந்தன. மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு அவை சிறு வாசலொன்றைத் திறந்தன. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை. 1990க்கு முந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எம். ஏ. நுஃமான் விரிவுரையாளராக இருந்தார். தமிழ்ச் சூழலில் முஸ்லிம் ஒருவர் புலமையாளராகவும் கவிஞராகவும் மதிக்கப்பட்ட இடம் அது. அங்கு கற்ற முஸ்லிம் மாணவர் தொகையில் குறைவு. ஆனால் அவர்கள் தமிழ் நண்பர்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே நூலகத்தில் வாசித்தார்கள்.

அக்காலத்தில் பல்கலைக்கழகம் சென்ற நம்மவர்களை ஊரார் விரல் விட்டு எண்ணினார்கள். தொகை சிறிதென்பதால் பொறுப்பு பெரிதாக இருந்தது. விடுமுறையில் வந்தவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார். மனு எழுதிக் கொடுப்பார். கச்சேரிக்குப் போகிறவரோடு துணைக்குப் போவார். "ஊருக்கு ஒரு படிச்ச புள்ள" என்ற எண்ணம் அவரையும் பிடித்திருந்தது, ஊரையும் பிடித்திருந்தது.

கையில் வந்த கடதாசி

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர். மன்னார் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. சில நாள் தவணை. யாழ்ப்பாணத்தவர்க்குக் கிடைத்தது சில மணித்தியாலம். தீவின் மக்களில் பெருந்தொகையானோர் தோணிகளிலும் வள்ளங்களிலும் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மழைக்காலம், கொந்தளிப்பான கடல். வழியில் இழந்த உயிர்களும் உண்டு.

நான் அப்போது ஏழாம் ஆண்டு. வீட்டில் எதை எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வாப்பா வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா மூத்த காக்காவின் ஓ/எல் பெறுபேற்றுத் தாளை நான்காக மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார். எழுத்தை எழுத்தாகக் கூட்டி வாசிக்கத்தான் உம்மாவுக்குத் தெரியும். காணி உறுதி பெட்டியிலேயே கிடந்தது. அது ஞாபகம் வந்தபோது நாங்கள் கடலில் இருந்தோம். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டேன், "ஏன் உம்மா அதை மட்டும் எடுத்தீங்க?" "வீட்டத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. அவன் படிச்சது அவனோட வரும்தானே" என்றார்.

இந்த ஒரு பேச்சுக்குள் அடுத்த முப்பது வருட வட முஸ்லிம்களின் கல்வி மனப்பாங்கு முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. காணி போனது, கடை போனது, தோணி போனது, மாடு போனது. சோதனைச் சாவடியில் பறிக்க முடியாத சொத்து எது என்று தேடியபோது படிப்பு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அதுவரை இலாபம் தெரியாத சரக்காக இருந்த கல்வி, இப்போது எஞ்சிய ஒரே முதலாகியது.

மாலை நேரப் பள்ளிக்கூடம்

புத்தளம் மக்கள் தங்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். முதல் நாட்களில் சோறு சமைத்துப் போட்டவர்கள் அவர்கள். அந்தக் கடனை வட முஸ்லிம்கள் மறக்கக் கூடாது. ஆயினும் இருக்கிற வகுப்பறையில் இரண்டு மடங்கு பிள்ளைகளை அடைக்க முடியாது. காலையில் ஊர்ப் பிள்ளைகள், பிற்பகலில் அகதிப் பிள்ளைகள் என்ற ஏற்பாடு பல இடங்களில் நடந்தது. மன்னாரிலிருந்து வந்த பாடசாலைகள் சில தங்கள் பெயரோடு புத்தளத்தில் மீண்டும் தொடங்கின. நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயர் தாங்கிய பாடசாலை அதற்கு உதாரணம். ஊர் இல்லாதபோதும் ஊரின் பெயரைப் பாடசாலை காத்தது.

ஆசிரியரும் அகதி, மாணவரும் அகதி. நிவாரண வரிசையில் அரிசிக்கு நின்ற அதே ஆசிரியர் பிற்பகலில் கணக்குப் படிப்பித்தார். இரவில் மின்சாரமில்லை. மூத்த பிள்ளைகள் இளையவர்களைக் குப்பி விளக்கைச் சுற்றி இருத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் கெம்பஸில் 'குப்பி' என்று கேட்டபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததைப் பக்கத்திலிருப்பவனுக்குச் சும்மா சொல்லிக் கொடுப்பது என்ற பண்பை எங்களுக்கு முகாம் முன்னமே பழக்கியிருந்தது.

முகாம் வாழ்க்கை கொண்டுவந்த மிகப் பெரிய மாற்றம் பெண் கல்வி. இதற்குப் பொருளாதாரக் காரணமொன்று இருந்தது. நம் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். இடம்பெயர்ந்த வாப்பாவிடம் கொடுக்க வீடு இல்லை. ஆசிரிய நியமனம் பெற்ற பெண்ணுக்கோ மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. வீட்டுக்குப் பதில் வேலை என்ற கணக்கு மெல்ல மெல்லக் கலியாணப் பேச்சுக்குள் வந்தது. முன்பு "பெரிய பிள்ளையாயிட்டா, இனி எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்ட அதே வீடுகளில், "புள்ள ஏ/எல் எடுக்கட்டும், மாப்பிள்ளை பிறகு பார்ப்போம்" என்ற பேச்சு கேட்டது. முகாமின் பாடசாலைகள் கொட்டிலுக்குக் கிட்ட இருந்ததும், படிப்பிக்கிற பெண்கள் தெரிந்த வீட்டுப் பெண்களாக இருந்ததும் இந்த மாற்றத்துக்குக் கைகொடுத்தன.

இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் தெரிவாகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்கள். நமது சமூகமும் அதே திசையில்தான் போகிறது. இந்த மாற்றத்தைக் கொள்கைப் பிரகடனம் எதுவும் கொண்டுவரவில்லை. அகதி உம்மாமாரின் கணக்குத்தான் கொண்டுவந்தது.

எந்த மாவட்டத்துப் பிள்ளை?

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: மாவட்டம். மற்றவர்களுக்கு அரை நிமிட வேலை. எங்களுக்கு அது வரலாற்றுக் கேள்வி.

இப்போதைய முறைப்படி, விஞ்ஞான, வர்த்தகக் கற்கைகள் பலவற்றில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைப்படியும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், மிகுதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் மன்னாரும் உண்டு, புத்தளமும் உண்டு. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதே பொதுவாகக் கவனிக்கப்படும். வசதியான மாவட்டத்தில் படித்துவிட்டுப் பின்தங்கிய மாவட்டத்தில் பதிந்து இடம் பிடிப்பவர்களைத் தடுக்க அது தேவையான விதிதான். ஆனால் தன் விருப்பமின்றி மாவட்டம் மாற்றப்பட்ட பிள்ளைக்கு அந்த விதி என்ன சொல்கிறது?

புத்தளத்தில் பதிந்தால், "எங்கட பிள்ளைகளுக்குரிய இடத்தை அகதிப் பிள்ளைகள் எடுக்கிறாங்க" என்று இருப்பிடம் தந்த சமூகத்தில் மனக்கசப்பு. அதில் நியாயமும் இருந்தது. புத்தளமும் பின்தங்கிய மாவட்டமே. அவர்களின் ஒதுக்கீடு எங்களுக்காகக் கூட்டப்படவில்லை. மன்னார் என்று பதிந்தால், "அங்க ஒரு நாளும் இருந்ததில்லயே" என்ற கேள்வி. 1990க்குப் பிறகு புத்தளத்தில் பிறந்த பிள்ளை இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் வளர்ந்தது. நான் படித்த பல்கலைக்கழகத்தில் முதல் வாரம், மூத்த மாணவர் ஒருவர் ஊர் எது என்று கேட்டார். "மன்னார்" என்றேன். "அங்க முஸ்லிம்களும் இருக்கிறாங்களா?" என்றார். பகிடிவதைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பகிடிவதையை விட அது வலித்தது.

கெம்பஸ் வாழ்க்கை

1990களின் நடுப்பகுதியிலிருந்து நமது பிள்ளைகள் போன இடங்கள் பலவாகின. பேராதனை, கொழும்பு, களனி ஆகியவற்றோடு ஒலுவிலும் சேர்ந்தது. போர்ச் சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் படிப்பைத் தொடர முடியாத நிலை ஏற்பட்டபோது, எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியில் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1996இல் பல்கலைக்கழகமானது. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் பலர், "ஒலுவில் எண்டால் நம்மட சூழல்தானே" என்று அனுப்பினார்கள். 1997இல் வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. 2021இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு குணம். பேராதனையில் அக்பர் விடுதி, நீதியரசர் எம். ரீ. அக்பரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கிற மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு முஸ்லிமின் பெயர் என்றும், பல்கலைக்கழகம் மலைநாட்டில் அமைய வேண்டும் என்று வாதாடியவர் அவர் என்றும் தெரியும்? அங்கே முஸ்லிம் மாணவன் சிங்களமும் தமிழும் கேட்கும் விடுதியில் வாழப் பழகுகிறான். ரமழானில் முஸ்லிம் மஜ்லிஸ் ஏற்பாடு செய்யும் நோன்புக் கஞ்சிக்குப் பிற மத நண்பர்களும் வரிசையில் நிற்பார்கள். ஒலுவிலில் தொழுகை நேரத்துக்கு ஏற்ப நாள் ஓடுகிறது. தயக்கமின்றிப் பேசுகிற, தலைமை தாங்குகிற முஸ்லிம் பெண்களை அங்கே காணலாம். ஆனால் மற்றச் சமூகத்தாரோடு பழகும் வாய்ப்பு குறைவு என்ற குறையும் சொல்லப்படுகிறது.

பணம் எல்லா இடத்திலும் ஒரே கதை. 1981இல் சட்டமாக்கப்பட்ட மகாபொலப் புலமைப்பரிசில் 2022இல் மாதம் 5,000 ரூபா அளவில்தான் இருந்தது. அவ்வருடப் பொருளாதார நெருக்கடியில் அது விடுதிச் சாப்பாட்டுக்கே காணவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்த அந்த வருடத்தில், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து காசு வரவில்லை. டியூஷன் கொடுத்தும், கடையில் நின்றும், இணையத்தில் பொருள் விற்றும் படித்த பிள்ளைகளை நான் அறிவேன். கைபேசியை வைத்துக் கொண்டு அவர்கள் எந்நேரமும் விளையாடுவதாகப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் அதே கைபேசிதான் நூலகம், கடை, வங்கி எல்லாம்.

உடுப்பும் அப்படியே. உம்மாவின் தலைமுறை சேலைத் தலைப்பால் முக்காடிட்டது. மகளின் தலைமுறை அபாயா அணிகிறது. சிலர் இதைப் பக்தி கூடியதாகவும், சிலர் அந்நியமானதாகவும் பார்க்கிறார்கள். வாப்பாவின் பார்வையிலிருந்து இருநூறு மைல் தூரத்தில் ஒரு இளம் பெண் நடமாடுவதற்கு அந்த உடுப்பு ஒரு அனுமதிச் சீட்டாகவும் இருந்தது என்பதை இருவரும் கவனிப்பதில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அதே உடுப்பு சந்தேகத்துக்குரியதாகப் பார்க்கப்பட்டபோது, அதன் சுமையை முதலில் சுமந்தவர்களும் பஸ்ஸில் தனியே பயணம் செய்த இந்த மாணவிகளே.

இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நிற்பது ஒன்று: பட்டம் என்றால் அரச வேலை என்ற எண்ணம். ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர் என்பவற்றுக்கு மேலே கண் போவதில்லை. 2020இல் அரசாங்கம் வேலையற்ற பட்டதாரிகள் சுமார் 50,000 பேரைப் பயிலுநர்களாக எடுத்தபோது, காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உறுதியானது. இதை மாணவரின் சோம்பலாகப் பார்ப்பவர்களுடன் நான் உடன்படவில்லை. ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்த வீட்டின் பிள்ளைக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் நிம்மதியை, இழக்காதவர்கள் எடை போட முடியாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. படிப்பு சொத்தாக மாறியபோது அது கேள்வி கேட்பதற்கும் தேடுவதற்கும் உரியது என்ற நினைவு மங்கிவிட்டது. சொத்தைப் பத்திரப்படுத்துவதே மனிதரின் வழக்கம்.

இறங்குதுறையும் ஆவணமும்

இந்த விலை எவ்வளவு என்பதை உப்புக்குளம் 2012இல் கண்டது.

போர் 2009இல் முடிந்து, பாலமும் 2010இல் புதிதாகக் கட்டப்பட்டு, திரும்பி வந்தவர்கள் கடலில் இறங்க முனைந்தபோது கோந்தைப்பிட்டி இறங்குதுறை தொடர்பில் பிணக்கு எழுந்தது. 1990க்கு முன் நாங்கள் பாவித்த துறை என்றார்கள் உப்புக்குளத்து முஸ்லிம் மீனவர். போரினால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ் மீனவருக்கு அதுவே அன்றாடச் சீவியம். இரு பக்கமும் இடம்பெயர்ந்தவர்கள். இரு பக்கமும் ஏழைகள். விடயம் நீதிமன்றம் போயிற்று. அவ்வருடம் ஜூலையில் நடந்த ஆர்ப்பாட்டம் மன்னார் நீதிமன்ற வளாகத்தின் மீதான தாக்குதலில் முடிந்தது. அது நடந்திருக்கக் கூடாத காரியம். நாடு முழுவதும் சட்டத்தரணிகள் கண்டித்தார்கள். ஒரு சமூகத்தின் நியாயமான பேச்சும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

அந்த நாட்களில் என் மனதை அரித்த கேள்வி இது: துறையை யார் எப்போதிலிருந்து பாவித்தார்கள் என்பதற்கு நம்மிடம் எழுதப்பட்ட ஆதாரம் என்ன? முதியவர்களின் நினைவு இருந்தது. அதைப் பதிந்து, ஒப்பிட்டு, மற்றப் பக்கத்தாரின் நினைவையும் கேட்டு எழுதிய ஆய்வு என் கைக்கு ஒன்றும் கிட்டவில்லை. இருபது வருடத்தில் பட்டதாரிகள் எத்தனையோ பேரை உருவாக்கிய ஊரில் இந்த நிலை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். எருக்கலம்பிட்டியில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ். வெளியேற்றத்துக்குப் பின் முகாம்களில் மக்கள் இழந்தவற்றைக் கணக்கெடுத்து, அதை ஆங்கிலத்தில் 2001இல் நூலாக்கினார். இனி எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தபோது, எத்தனை வீடு, எத்தனை கடை, எத்தனை பள்ளிவாசல் என்று எண்ணியவர் அவர். தமிழ்ப் புலமையாளரோடும் இடைவிடாது உரையாடினார். 2018 ஆகஸ்ட்டில் அவர் காலமானது யாழ்ப்பாண மண்ணில். வட முஸ்லிம்கள் இன்று தங்கள் இழப்பைப் பற்றிப் பேசும்போது கையில் எடுக்கும் தரவின் பெரும் பகுதி, ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் தன் படிப்பை ஊருக்குத் திருப்பிக் கொடுத்ததால் கிடைத்தது.

மாணவரிடம் ஒரு வேண்டுகோள்

இன்று உப்புக்குளத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதி மன்னாரில் படிக்கிறது. இன்னொரு பகுதி புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு வீடு. முப்பது வருடத்தில் பிள்ளைகளுக்குப் புத்தளத்தில் பள்ளிக்கூடமும் நண்பர்களும் கலியாணமும் அமைந்துவிட்டன. "திரும்பி வா" என்று அதட்டிச் சொல்வதில் பலனில்லை. ஆனால் திரும்பி வராதவரும் திரும்பிப் பார்க்கலாம்.

பெரும்பாலான பட்டப் படிப்புகளின் இறுதி ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். பல பிள்ளைகள் கடைசி மாதத்தில் வினாக்கொத்து ஒன்றைக் கூகிளில் அனுப்பி, நூறு பேரின் பதிலை வாங்கி ஒப்பேற்றுகிறார்கள். தலைப்பு எங்கேயோ இருக்கிறது. தங்கள் ஊர் அதில் இல்லை. அந்த ஒரு கட்டுரையை ஊருக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். புவியியல் படிக்கும் பிள்ளை 1990க்கு முந்திய உப்புக்குளத்தின் வீதிகளையும் வளவுகளையும் முதியவர்களைக் கேட்டு வரையலாம். பொருளியல் படிக்கும் பிள்ளை மீன் வியாபாரத்தின் முதலும் கடனும் எப்படி ஓடின என்று எழுதலாம். வரலாறு படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிவாசல் பதிவேடுகளும் விவாகப் பதிவுகளும் இருக்கின்றன. சமூகவியல் படிக்கும் மாணவி, முகாமில் ஏ/எல் எடுத்த முதல் தலைமுறைப் பெண்களைச் சந்திக்கலாம். அவர்களில் பலர் இன்று ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இப்போது முஸ்லிம் மாணவர் மீண்டும் தமிழ் மாணவரோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். இரு பகுதியாரும் 1990க்குப் பிறகு பிறந்தவர்கள். ஒருவருக்கு வெளியேற்றம் வீட்டில் கேட்ட கதை. மற்றவர் அதைக் கேள்விப்பட்டதே இல்லாதிருக்கலாம். அதேபோல அந்தத் தமிழ் மாணவரின் வீட்டிலும் முள்ளிவாய்க்கால் இருக்கும். இந்திய அமைதிப்படைக் காலம் இருக்கும். அதை நம் பிள்ளை அறியாதிருக்கலாம். குப்பி போட்டுப் புள்ளிவிபரவியல் சொல்லிக் கொடுக்கிறவர்கள், ஒரு நாள் இரவு இதையும் ஒருவருக்கொருவர் சொல்லலாம். பெரியவர்களான எங்களுக்கு அது கைகூடவில்லை. கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவர்களுக்குக் கைகூடும் என்று நினைக்கிறேன்.

உம்மா வபாத்தாகிச் சில வருடங்களாயிற்று. அந்தப் பெறுபேற்றுத் தாள் இன்னும் காக்காவிடம் இருக்கிறது. கடல் தண்ணீர் பட்டு மை பரவி, இரண்டு பாடங்களின் பெறுபேறு வாசிக்க முடியாது. வேலைக்கு ஒரு நாளும் அது உதவவில்லை. பிறகு புதிய பிரதி எடுத்துத்தான் விண்ணப்பித்தார். இப்போது அவருடைய மகள் கெம்பஸில் இரண்டாம் வருடம். சென்ற விடுமுறையில் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வாப்பா, இது எந்த வள்ளத்துல வந்தது? யார் ஓட்டினது?" என்று கேட்டாளாம். காக்காவுக்கு ஓட்டியவரின் பெயர் ஞாபகமில்லை. "ஊருக்குப் போய் விசாரிச்சுப் பார்ப்போம் மகள்" என்று சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் யாரேனும் உயிரோடிருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அவள் கேட்டு எழுதட்டும்.